பேச்சியை முன்வரிசையில் நிறுத்திய சரோஜா டீச்சர்

சரோஜா டீச்சர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். நான் மாடியில் கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஜன்னலோரக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். டீச்சருடைய தம்பி மனைவி திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். “மதினி போயிட்டாவ, அண்ணாச்சி. சென்டரை அடைச்சிருங்க” என்றார். அடைத்தேன். படியிறங்கிய பிறகு கம்ப்யூட்டரை அணைக்கவில்லை என்று நினைவு வந்தது. மறுபடி ஏறித் திறந்து அணைத்துவிட்டு இறங்கினால், ஃபேன் ஓடுகிறதோ என்று சந்தேகம். மொத்தம் பதினெட்டுப் படி. அன்று காலை நாலு முறை ஏறி இறங்கினேன். நாற்பது நாளாகியும் அந்தத் தவிப்பு அடங்கவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு வரிக்கு ஒருதரம் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன்.

டீச்சரிடம் டைப்ரைட்டிங்கும் பிறகு கம்ப்யூட்டரும் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். கீழ்ப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் நான்தான். அதற்கு முன்னால் எப்போதும்வென்றான், பசுவந்தனை ஊர்களின் பக்கம் கரிசல் காடுகளில் நாற்பது வருஷம் ஆடு மேய்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு கோவில்பட்டிக்கு வந்தேன். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் பேசுவது தமிழ். எண்கள் தெரியும். இரண்டு மொழியிலும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இப்போது தமிழ் தெரியும். மெதுவாக வரும், ஆனால் வரும். அஞ்சலி எழுதும்போது சந்தோஷப்படக் கூடாதுதான். ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் டீச்சர் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடுவார். நாலு பேர் ஊரைவிட்டுக் கிளம்பி, காடு மலையெல்லாம் கடந்து, கோட்டையில் இருக்கும் அரக்கனைக் கொல்ல வேண்டும். வழியில் எதிர்ப்படும் மிருகங்களை அடித்தால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் ஒரு மணி அடிக்கும், லெவல் ஏறும், உடம்பில் பலம் கூடும். நாலு பேருக்கும் டீச்சரே பெயர் வைத்திருந்தார். வாள் பிடித்தவன் சுடலை, வில் பிடித்தவன் வேலு, மந்திரம் போடுகிறவள் மாரி, காயத்துக்கு மருந்து போடுகிறவள் பேச்சி. தண்ணீர்க் குடத்தை மேலே கொண்டுவந்து வைத்த ஒரு மத்தியானம் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கீழே உட்கார முடியவில்லை.

முதலில் நான் வாய் திறந்தது எலி விஷயத்தில். டீச்சர் ஒரு வாரமாக ஊர் வாசலிலேயே நின்று எலி அடித்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, எத்தனை எலி அடிக்குதேன், லெவல் ஏறவே மாட்டேங்குது” என்றார். எனக்கு அது பார்த்ததும் விளங்கியது. கரிசலில் நாங்கள் கிடை போடுவோம். மந்தையை ஒரு புஞ்சையில் அடைத்து வைத்தால் அந்த நிலத்துக்கு உரம், பகலில் சுற்றிலும் மேய்ச்சல். இரண்டு மூன்று நாளில் புல் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் அங்கேயே நின்றால் ஆடு நடக்கும், மேயும், வயிறு மட்டும் நிறையாது. “இங்கன புல்லு தீந்துபோச்சு டீச்சர். கிடையை மாத்துங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, சொன்னதுதான் தாமதம், நாலு பேரையும் நேராக மலைக்கணவாய்க்கு ஓட்டினார். அங்கே ஓநாய்கள் இரண்டே நிமிஷத்தில் நாலு பேரையும் முடித்துவிட்டன. டீச்சருக்கு எதிலும் பாதி வழி என்பது கிடையாது.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கணக்குக்கு வந்தோம். ஓர் அடியில் மிருகம் விழுந்தால் புல் தீர்ந்த இடம், கிளம்பு. இரண்டு மூன்று அடியில் விழுந்தால் நல்ல மேய்ச்சல், நில். ஐந்து அடிக்கும் விழாவிட்டால் திரும்பி ஓடு. மருந்து மூன்றாகக் குறைந்தால் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் திரும்பு. ஆட்டத்தில் தங்கிக் காயம் ஆற்ற ஒரு சத்திரம் உண்டு, அதற்கு நடந்து திரும்புகிற தூரத்துக்குள்தான் மேய்ச்சல். வாள் வாங்கும் முன்னால் கவசம் வாங்கு. டீச்சர் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். “ஓடுததும் ஒரு வேலைதான், அண்ணாச்சி. வெட்கப்படாம ஓடணும்” என்பார். ஆனால் ஓடும்போது அவர்தான் பல்லைக் கடிப்பார்.

நானும் ஆட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆட்டத்தில் எல்லாம் இங்கிலீஷில் வரும். அதனால் நாலு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, கீபோர்டில் நாலு கட்டைகள் மேல் ஒட்டினார். அடி. ஓடு. மருந்து. நில். நான் அறுபத்து மூன்று வயதில் முதன்முதலாக வாசித்த சொல் ‘அடி’. இரண்டாவது ‘ஓடு’. ஒரு வாரம் கழித்து டீச்சர் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தார். நான் பழக்கத்தில் கட்டையை அமுக்க, சுடலை சண்டையை விட்டு ஓடினான். “எழுத்தைப் பாருங்க, இடத்தைப் பாக்காதீங்க” என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவர் அடுத்த துண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். எதையும் முடிய விடாமல் அடுத்ததைத் தொடங்குவது அவர் குணம். அப்படியே துண்டு துண்டாக நான் அந்த நோட்டை வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். கழுகுமலை பஸ்ஸின் போர்டை வாசித்துவிட்டு, ஏறாமல் நின்று சிரித்ததும் அந்த நாட்களில்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் டீச்சர் வகுப்பில் மயங்கி விழுந்தார். இதயத்தில் கோளாறு என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த தம்பிதான் எல்லாம். அவர் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்து, திரும்பி வந்தாலும் அக்கா படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், அவள் கேட்டால் சாவியைக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன். டீச்சர் காருக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். பேசுவதற்கே மூச்சு வாங்கியது. “நான் வாறதுக்குள்ள நாலு பேரையும் இருபதுக்கு மேல ஏத்தி வைங்க. நிக்காதீங்க அண்ணாச்சி, நின்னா லெவல் ஏறாது” என்றார்.

ஒரு மாதம் தினமும் மத்தியானம் மாடியில் தனியாக ஆடினேன். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்து, அதன்படி கிடை மாற்றிக்கொண்டே போனேன். ஆட்டத்தில் ஒருவரைச் சத்திரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போகலாம். பேச்சிக்கு உடம்பில் பலம் குறைவு. இரண்டு அடி விழுந்தால் சாய்ந்துவிடுவாள். எங்கள் கிடையில் பால்குடிக் குட்டிகளை மேய்ச்சலுக்கு ஓட்ட மாட்டோம். பெரிய கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டுவிட்டுத் தாய்களை மட்டும் ஓட்டிப்போவோம். அந்த வழக்கத்தில் பேச்சியைச் சத்திரத்தில் விட்டேன். மூன்று பேரும் வெளியே போய்ச் சண்டை போட்டு, காயத்தோடு திரும்புவார்கள். அவள் மருந்து போட்டு அனுப்புவாள். ஒரு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

டீச்சர் திரும்பி வந்து, தம்பி வீட்டில் பத்து நாள் படுத்திருந்தார். பதினோராம் நாள் ஆட்டோவில் வந்து மாடிப்படியின் கீழே இறங்கினார். பாதி உடம்பாக இருந்தார். சாவி கேட்டார். தம்பி சொன்னதைச் சொல்லி, வீட்டுக்குப் போய்விடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சரி, லெவலையாவது சொல்லுங்கள் என்றார்.

“சுடலை இருபத்திரண்டு. வேலு இருபத்திரண்டு. மாரி இருபத்தொண்ணு.”

“பேச்சி?”

“ஒம்பது. சத்திரத்துல பத்திரமா இருக்கா, டீச்சர். ஒரு கீறல் கிடையாது.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சண்டைக்குப் போகிறவர்களுக்குத்தான் புள்ளி என்று நோட்டின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார். நான் அதை வாசித்துமிருந்தேன். வாசித்தது ஒன்று, கை செய்தது ஒன்று. அரக்கனுக்கு முன்னால் போய் நிற்கும்போது மருந்து போடுகிறவள் லெவல் ஒன்பதில் இருந்தால் முதல் அடியிலேயே போய்விடுவாள், அவள் போனால் நாலு பேரும் போன மாதிரிதான் என்று அவர் விளக்கினார்.

“எந்தம்பியும் என்னைய அங்கனதான் விட்டிருக்கான், அண்ணாச்சி. ஒரு கீறல் கிடையாது. எனக்கு லெவல் இறங்குது.”

சாவி என் இடுப்பில் இருந்தது. மேலே ஏறினால் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதைத் தம்பி எனக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார். நான் தெருமுனைவரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாவது படியில் ஸ்டூலைப் போட்டு, அங்கே கால் மணி நேரம் இருந்துவிட்டு மேலே போனோம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் டீச்சர் சென்டரை நடத்தினார். அந்த மாதங்களில் அவரிடம் படித்தவர்கள் இந்த அஞ்சலியை வாசிக்கிற உங்களில் நிறையப் பேர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து படித்து, இன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களும் இதை வாசிப்பீர்கள். ஒன்பதாவது படியில் அந்த ஸ்டூல் ஏன் கிடந்தது என்று நீங்கள் அன்று கேட்டதில்லை.

பேச்சியை டீச்சர் முன்வரிசையில் நிறுத்தினார். என்னால் பார்க்க முடியவில்லை. மிருகம் கை ஓங்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவேன். அவள் விழுவாள், ஆட்டத்தில் வருகிற கோயிலுக்குத் தூக்கிப்போய் எழுப்புவோம், மறுபடி முன்வரிசை. நல்ல கவசத்தைச் சுடலையிடமிருந்து கழற்றி அவளுக்கு மாட்டினார். மிருகம் பாதி செத்ததும் கடைசி அடியை அவளை அடிக்கவிட்டார். நாலு மாதத்தில் அவள் மற்ற மூவரையும் தாண்டிவிட்டாள். அரக்கனைக் கொன்ற மத்தியானம், கரண்ட் போய்விடக் கூடாதே என்று இருவரும் ஃபேனை அணைத்துவிட்டு வேர்வையில் நனைந்தபடி ஆடினோம். கரண்டுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமில்லை என்று இருவருக்குமே தெரியும். அரக்கன் விழுந்தான். நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டேன். டீச்சர் அதற்குள் லெவல் ஒன்றிலிருந்து புதிதாக நாலு பேரைக் கிளப்பிவிட்டார். முடிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் தம்பி என்னைத் தனியே அழைத்துப்போனார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒண்ணு கேக்கேன், அண்ணாச்சி. நீரு அன்னைக்குச் சாவியைக் குடுக்காம இருந்தா எங்கக்கா இன்னும் கொஞ்ச வருசம் இருந்திருப்பாளா, மாட்டாளா?”

“இருந்திருப்பாவ, தம்பி” என்றேன்.

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, “பிறவு ஏன் குடுத்தீரு?” என்றார்.

“கேட்டாவ” என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பேச வராததால்தான் எழுதுகிறேன். தம்பியும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் செய்தது சரி என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆட்டத்தில் விழுந்தவளைத் தூக்கிப்போக ஒரு கோயில் இருந்தது. வெளியில் அப்படி ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அன்றைய படிக்கட்டில் மறுபடி நின்றாலும் கொடுப்பேன், கொடுத்துவிட்டு மறுபடியும் தூங்க மாட்டேன்.

டீச்சருடைய நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அது அவர் வீட்டில் இருப்பதுதான் முறை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இரண்டு. பலம் குறைந்தவளை முன்வரிசையில் நிறுத்துகிற டீச்சரின் கை ஒன்று. அவள்மேல் அடி விழும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற என்னுடைய கால் இன்னொன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று இந்த நாற்பது நாளும் முயன்று பார்த்தேன். முடியவில்லை.