சம்பந்தி கொண்டுவந்த ரம்புட்டான்

ரம்புட்டான் விதைகளைக் கருவாடு மாதிரி மொட்டைமாடியில் காயப்போட்டவன் நான். அதுவும் சும்மா காயப்போடவில்லை. அடுத்த தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கரிச்சாம்பல் வாங்கிவந்து, ஒவ்வொரு விதையாகப் புரட்டி, முறத்தில் பரப்பி, காக்கா தூக்கிவிடக் கூடாதென்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டை வெயிலில் விதைகளோடு என் வழுக்கையும் நன்றாகக் காய்ந்தது.

நான் ஆற்றங்கரை ஊரான முக்கூடலில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் விதை என்றால் காய வேண்டும். விதைநெல் என்றால் வெயிலில் போடுவார்கள். புடலை, பீர்க்கு என்றால் சாம்பலிலும் புரட்டுவார்கள். ரம்புட்டான் விதை அந்த வகை இல்லை, பழத்தின் ஈரம் காயும் முன்னே மண்ணுக்குள் போக வேண்டும், காய்ந்தால் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

பழத்தைக் கொண்டுவந்தவர் அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி. என் மகளின் மாமனார். மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. விதை போட்டு வளர்த்த ரம்புட்டான் மரம் பல வருசம் போக்குக் காட்டிவிட்டு அப்போதுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. காய்த்ததே கொஞ்சம். அதில் பாதியை மஞ்சள் பையில் போட்டு, நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

“தின்னுட்டு விதையத் தூரப் போட்டுராதியும் வே. ஒரு மரமாவது ஒம்ம வீட்டுல நிக்கணும். விதைய எப்படி வைக்கணும்னா...”

“யாருகிட்டச் சொல்லுதீரு? நான் ஆத்துத் தண்ணியில பொறந்தவன்லா!” என்று மறித்துவிட்டேன். மனுசர் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

காய்ந்த விதைகளை நல்ல நாள் பார்த்துத் தொட்டியில் ஊன்றினேன். தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதம் ஓடியது. புல் முளைத்தது. ஒரு தக்காளி முளைத்தது. ரம்புட்டான் மட்டும் வரவில்லை.

“மண்ணுக்குச் சளி பிடிச்சிரப் போவுது, போதும் விடுங்க” என்றாள் என் மனைவி.

அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியின் போன். “வெத மொளைச்சுட்டா வே?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் என் நாக்கு தன் போக்கில் போய்விட்டது. “மொளைக்காம? ஜோரா நிக்குது!”

“அப்படியா! ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு அங்கன வாரேன். பாத்துட்டே போறேன்.”

போனை வைத்ததும் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். “நல்லாச் சொன்னீங்க. மொதப் பழத்தக் கொண்டாந்து குடுத்த மனுசன். வந்து வெறுந்தொட்டியப் பாத்தா என்ன நெனப்பாரு? அந்த வீட்டுல எம்பிள்ளைக்குல்லா தலையெறக்கம்!”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வேளையோடு சரி என்று ஆகிவிட்டது. மூன்றாவது வேளை டிபன்தான்.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் நாங்கள் நாலைந்து பழம் கொடுத்திருந்தோம். ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால், அவர்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய பெயிண்ட் வாளி இரண்டில் செக்கச்செவேலென்று கொழுந்து விட்டு நிற்கின்றன கன்றுகள்!

“என்ன உரம் போட்டீங்க டீச்சர்?”

“உரமா? தின்னு துப்பின கையோட மண்ணுல அமுக்கினேன் அண்ணாச்சி. குப்பைக்குப் போவ சோம்பல்.”

என் கதையைச் சொல்லி, ஒரே ஒரு நாளைக்கு வாளிகளைக் கடனாகக் கேட்டேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பொய் சொல்ல நான் வர மாட்டேன். வாளி வேணும்னா வரட்டும். அதுல ஒண்ண நீங்களே வச்சுக்கிடுங்க. ஆனா விதையில வந்த கன்னு ஆணா இருந்தா காய்க்காதாம். சும்மாதான் நிக்குமாம்.”

“நிக்கட்டும் டீச்சர்” என்றாள் என் மனைவி. “எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு அப்படித்தான நிக்குது.”

அந்தக் கன்று இன்று என் இடுப்பு உயரம். ஆணோ பெண்ணோ, இன்னும் வாய் திறக்கவில்லை. காய்க்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை. காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது டீச்சரின் சோம்பலுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். வாயால் திட்டினாலும் என்னைக் காட்டிக்கொடுக்காத மனைவிக்கு ஒன்று. முதல் காய்ப்பில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மனுசனுக்கு ஒன்று. என்னைப் போன்ற ஆளுக்கு இத்தனை நல்லவர்கள் வாய்த்தது எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை.

சொன்னபடி அந்த ஆவணியில் சம்பந்தி வந்தார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் பட வேண்டுமென்று வாளிகளைப் படிக்கட்டில், உச்சி வெயிலில் வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றியவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தோள்துண்டின் நுனியால் ஓர் இலையின் தூசியைத் துடைத்தார்.

“எம்மரத்துப் பிள்ளைக” என்றார். “எங்கன வந்து நிக்குது பாரும்.”

மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் என்கிற பார்வை அது. நானும் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் அடுத்த இலையைத் துடைக்கத் தொடங்கியதும் தாங்கவில்லை.

“சம்பந்தி, ஒரு தப்பு பண்ணிட்டேன். நீரு குடுத்த விதை ஒண்ணுகூட மொளைக்கல. நாந்தான் காயப்போட்டுக் கொன்னுட்டேன். இதுக பக்கத்து வீட்டு டீச்சர் போட்ட கன்னுக. ஒமக்குக் காட்டத்தான் கடன் வாங்கி வச்சேன்.”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“யாரு போட்டா என்னவே, வாடுது பாரும், வாளியப் பையத் தூக்கி நெழல்ல வையும்.”