இரண்டு முறை 'சரிங்க'

டீ அறைப் பலகையில் ஒட்டுகிறேன். எல்லோரும் படிக்கவும்.

நம் பருத்திப் பிரிவு சரோஜினி, இன்று காலை சூலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார். எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையைப் பக்கத்தில் இருந்த தக்காளிக் கூடைக்கார அம்மாளிடம் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"தண்ணி கம்மியா உட்ட வயல்ல காய் முன்னாடியே வெடிச்சுதுங்க."

"அப்புறம், அம்மணி?"

"பூச்சியும் கம்மிங்க. அதுக்கும் தண்ணிதான் காரணமுங்க."

"சரிங்க, சரிங்க."

சரோஜினி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

இறங்கியதும் கேட்டேன். "ஏனுங்க, எழுதறதுக்கு முன்னாடி பஸ்ல சொல்லிப் பாக்கறீங்களா?"

"ஆமாங்க. 'அப்புறம்'னு கேட்டா அடுத்த தலைப்புக்குப் போலாமுங்க. 'அதெப்படி'ன்னு கேட்டா அங்க ஒரு அட்டவணை வேணுமுங்க. 'சரிங்க, சரிங்க'ன்னு ரெண்டு தடவை சொல்லிப்போட்டாங்கன்னா, நாம சொன்னது நிக்கலைன்னு அர்த்தமுங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல நம்மூர்ல யாருக்கு மனசு வருது?"

பூச்சிப் பகுதியை அப்போதே எடுத்துவிட்டாராம். இன்னொரு பருவம் பயிர் செய்து பார்த்த பிறகுதான் அதை எழுதுவாராம். பாதிக் கட்டுரையை பஸ் நிற்பதற்குள் தள்ளிவைக்கும் தைரியம் எனக்கு இல்லை.

நேற்று இதே அறையில் என் கட்டுரையின் திட்டத்தை உங்களுக்கு விளக்கினேன். எல்லோரும் ஒரே குரலில் "சரிங்க, சரிங்க" என்றீர்கள். நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நாளை டைப் அடிக்கக் கொடுக்கிறேன். அதற்குள் "அதெப்படி" என்று கேட்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் கீழேயே எழுதலாம். நிறையவே இடம் விட்டிருக்கிறேன்.