கண்ணாடிக்கு மேலே ஒரு ரீத்

1. கேட்ட நேரம்

“தங்கச்சி, இந்த ரீத்துக்கு கோல்ட் போதுமா, இன்னும் கொஞ்சம் அடிக்கவா?”

நிஸாம் நானா கேட்டது இவ்வளவுதான். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையின் பெயிண்டர் அவர். கேட்ட நேரம்தான் கெட்ட நேரம். மேசையின் சொந்தக்காரி, வெள்ளவத்தை அன்ரி, என் பக்கத்திலேயே நின்றார்.

அது ஒரு பழைய டிரெஸிங் டேபிள். மகள் பிறந்த வருடம் அன்ரியின் கணவர் வாங்கியது. அவருடைய ஆண்டுத் திவசம் முடிந்து, இப்போது மகளுக்குக் கல்யாணம். பாமன்கடையில் மகள் குடிபோகிற பிளாட்டுக்கு மறுநாள் காலை நல்ல நேரத்தில் மேசை போய்ச் சேர வேண்டும். அப்பா இல்லாத குறைக்கு அவர் வாங்கிய மேசையாவது பிள்ளையோடு போகட்டும் என்று அன்ரி ஆசைப்பட்டார்.

நாங்கள் செதுக்குகிற ஆட்கள் இல்லை. மரத்தூளும் பசையும் கலந்து அச்சில் எடுத்த மோல்டிங் புறக்கோட்டையில் ஒரு கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஹீட் கன்னால் சூடு காட்டினால் ரப்பர் மாதிரி வளையும். வூட் குளூ பூசி அழுத்திப் பிடித்தால், ஆறியதும் மரத்தோடு மரமாக இறுகிவிடும். அன்ரி படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது பூவும் இலையும் கோத்த ஒரு வட்டம். கண்ணாடிக்கு நேர் மேலே ஒட்டியிருந்தோம். பாக்கெட்டில் அதற்குப் பெயர் ‘ரீத்’. நாங்களும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம்.

“என்ன சொன்னனீங்கள்? ரீத்தோ?” அன்ரியின் குரல் இறங்கியது. “மலர்வளையமோ இது?”

“அது சும்மா டிசைன் பேரு அன்ரி.”

“அவற்ற பெட்டிக்கு மேலயும் இப்பிடித்தான் வட்டமா வைச்சவை. என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் இதுக்குக் கீழ நிண்டோ பொட்டு வைக்கிறது?”

அதுவரை அழகாக இருந்த பூ, எனக்கும் இப்போது மலர்வளையமாகவே தெரிந்தது.

“மேசை இஞ்சயே இருக்கட்டும் பிள்ளை. நான் அனுப்பமாட்டன்.”

பின்னேரம் ஒருதரம் வந்து பாருங்க, பிறகு முடிவு சொல்லுங்க என்று கெஞ்சித்தான் அவரை அனுப்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

“நான் என்ன பிழையா செல்லிட்டேன்?” என்றார் நிஸாம் நானா. “எங்கட ஆக்கள் அடக்கம் செய்யிற மையத்துக்கு ரீத் வைக்கிற இல்லயே. எனக்கு அது வெறும் வட்டம்.”

ஏசத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

2. சூடு

கழற்றி எறிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். தழும்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் அந்த மொட்டை இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே என்ன இருந்தது என்றுதான் அன்ரிக்கு ஞாபகம் வரும். வேறு மோல்டிங் வாங்கலாம் என்றால் அன்று போயா, முழுநிலா விடுமுறை; புறக்கோட்டையில் அந்தக் கடை பூட்டு. கையில் இருந்தது அந்த வட்டம் மட்டும்தான்.

அப்போதுதான் தோன்றியது. சூட்டில் வளைந்தது சூட்டில் நிமிரும் அல்லவா?

பயம் முழுக்கக் கண்ணாடிக்குத்தான். பழைய கண்ணாடி, ஹீட் கன் சூடு ஒரே இடத்தில் பட்டால் விரிசல் விட்டுவிடும். ஈரத் துணி போடலாம் என்றார் நிஸாம் நானா. சூடும் குளிரும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று காய்ந்த போர்வையைப் போட்டு, மேலே ஒரு பிளைவுட் துண்டை அவரைப் பிடிக்கச் சொன்னேன். கண்ணாடி போனால் வேறொன்று வாங்கிப் போடலாம். ஆனால் அது அந்த மனிதர் வாங்கிய கண்ணாடியாக இராது.

கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஓய்வு என்று காட்டிக் காட்டி, மெல்லிய தகடு ஒன்றை வட்டத்துக்கு அடியில் மெல்ல நுழைத்தேன். கோல்ட் பெயிண்ட் கொப்பளித்தது. குளூ இளகி வட்டம் முழுதாகக் கையோடு வந்தபோது, ‘டிக்’ என்று ஒரு சத்தம். போர்வையை விலக்கினால் கண்ணாடி சுகமாக இருந்தது. முறிந்தது ஒரு பூவிதழ்.

வட்டத்தின் உச்சியில், இரண்டு இலை சேர்கிற இடத்தில் வெட்டினேன். மறுபடி சூடு காட்டி, ஆறுவதற்குள் விரித்து, கண்ணாடிச் சட்டத்தின் வளைவோடு இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஒட்டினோம். இதழை நிஸாம் நானா பேஸ்ட் வைத்து உருவாக்கி, தழும்பைத் தேய்த்து மறைத்து, புதிதாகக் கோல்ட் அடித்தார்.

3. பெயர்

அன்ரி வந்தார். சட்டத்தின் மேல் பூவைப் பார்த்தார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்கு என்ன பேர்?”

நிஸாம் நானா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“மாலை, அன்ரி.”

பொய் இல்லை. அதே பூ, அதே இலைதான்.

“ஓம். மாலைதான்,” என்றார். கண் கலங்கியிருந்தது. “தகப்பன் பிள்ளைக்குப் போட்ட மாலையா இருக்கட்டும். காலமை லொறியை அனுப்புங்கோ.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் சூட்டையும் பசையையும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஒட்டுகிற பொருளுக்கு வாங்குகிறவர் வீட்டில் என்ன பெயர் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் பட்டறையில் இப்போது அந்த மோல்டிங்குக்குப் பெயர் வட்டப்பூ. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுப்பவர் நிஸாம் நானாதான்.