இரண்டு இளவரசர் நாட்டுக்கு ஒருமுறை விசா

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். தூறல், குடை விரிக்கவும் மனம் வராது, விரிக்காவிட்டால் சளி பிடிக்கும். கிங்ஸ்பரியிலிருந்து பிரெஞ்சு விசா நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் பத்தொன்பது பேர் நின்றார்கள். அவர்கள் பிரான்சுக்குப் போகப் பிரான்சிடம் விசா கேட்டார்கள். நான் வேறொரு நாட்டுக்குப் போகப் பிரான்சிடம் விசா கேட்க வந்திருந்தேன்.

அந்த நாடு அந்தோரா. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, மலைக்குள் கிடக்கிறது. பாரிஸில் இருக்கும் என் தங்கையின் மகள் அங்கே ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போனாள். அந்த நாட்டுப் பிள்ளையையே கட்டப்போகிறாள். மே மாதம் கல்யாணம். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். கல்யாணத்தன்று காலையில் பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெண்ணின் தலையில் வைத்து முழுக வார்ப்போம். பாலறுகு என்பது அதுதான். அப்போது தேங்காய் உடைக்க வேண்டியவன் நான். இன்னொருவர் உடைக்கலாம்தான், என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள்.

போவதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஆத்திரம் வந்தது. அதற்குச் சொந்தமாக விசா இல்லை. விமான நிலையம் இல்லை. இராணுவம் இல்லை. தபாலைப் பிரான்சும் ஸ்பெயினும் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கும் போகலாம், ஸ்பானியப் பள்ளிக்கும் போகலாம். நாட்டுக்கு இரண்டு இளவரசர்கள்: ஒருவர் பிரான்சின் ஜனாதிபதி, மற்றவர் ஸ்பெயினில் ஒரு பிஷப். இரண்டு பேரும் அங்கே குடியிருப்பதில்லை. சனமோ யாழ்ப்பாணப் பட்டினத்து அளவுதான். அதற்கு ஐக்கிய நாடுகள் சபையில் இருக்க ஒரு கதிரை, போட ஒரு வாக்கு! அப்படி ஒரு கதிரைக்காக எங்கள் சனம் கொடுத்ததை, எதையும் எண்ணிப் பார்க்கிற என்னாலேயே எண்ண முடியவில்லை.

கவுண்டரில் இருந்த பிள்ளை என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தாள். எத்தனை தடவை நுழைய வேண்டும் என்ற கேள்விக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: ஒன்று, இரண்டு, பல. நான் முதலாவதில் அடையாளம் போட்டிருந்தேன்.

“ஒரு தடவைதானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஒரு தடவை போதும்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அகதியாக வந்து நின்றவனுக்குத்தான் அந்தப் பெருமை விளங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தேவைக்கு மேல் ஒன்றும் கேட்கக்கூடாது. கூடக் கேட்டால், இவன் திரும்பிப் போகமாட்டான் என்று சந்தேகிப்பார்கள். இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்த பிறகும் நான் குடியுரிமை கேட்கவில்லை. இருக்க விட்டார்களே, இன்னும் ஏன் தொந்தரவு என்று இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் விசா வந்தது. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். பதினொரு நிமிடத்தில் போன் அடித்தது.

“அண்ணை, ஏன் ஒண்டு எண்டு போட்டனீங்கள்?”

“ஒருக்காத்தானே வாறன்.”

“மாப்பிள்ளை சொல்லுறார், அந்தோராவுக்குள்ள போனா ஷெங்கனை விட்டு வெளிய போனமாதிரியாம். திரும்பப் பிரான்சுக்குள்ள வர இன்னொரு தடவை வேணுமாம்.”

பிரான்சும் ஸ்பெயினும் இன்னும் பல நாடுகளும் ஒரே விசாவுக்குள் சேர்ந்த கூட்டம்தான் ஷெங்கன்; அந்தோரா அதில் இல்லை. பிரான்சின் ஜனாதிபதி இளவரசராக இருக்கிற நாட்டுக்குப் போனால் பிரான்சை விட்டுப் போனதாகக் கணக்காம்! விசா தருவது பிரான்ஸ், வழி பிரான்ஸ், உள்ளே போனதும் நான் வெளியாள்.

“பஸ்ஸில ஒருத்தரும் பாக்கிறேல்லையாம். சும்மா வாங்கோ” என்றாள் தங்கை.

“சும்மா வாறதோ? ஒருக்கால் விசா இல்லாமச் சும்மா வந்துதான் ரெண்டு மாசம் சிறைக்குள்ள இருந்தனான். இந்த வயசில இன்னொருக்கா ஏலாது.”

“அப்ப தேங்காயை ஆர் உடைக்கிறது? பிஷப்போ?”

போனை வைத்துவிட்டாள். புதிய விண்ணப்பம் கொடுக்கப் பார்த்தேன். கிடைத்த முதல் தேதி, கல்யாணம் முடிந்து வரும் திங்கட்கிழமை. விமானச் சீட்டுக்காரர் காசைத் திருப்ப மாட்டோம் என்றார். மலைக்குளிருக்கென்று வாங்கிய கம்பளிப் பெனியனைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. போட்டுப் பார்த்த வாசம் அடிக்கிறதாம்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் கல்யாணப் பெண், என் மருமகள். அவளுக்குப் பின்னால் நெடுத்த ஒரு பிள்ளை, மாப்பிள்ளைதான், கையில் பால் போத்தலோடு.

“நீங்கள் எல்லை தாண்ட வேண்டாம் மாமா. நாங்கள் தாண்டிட்டம்” என்றாள் அவள். “அம்மா சொன்னவ, பாலறுகை இங்கேயே வைக்கச் சொல்லி.”

“முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முந்தியோ? எந்தச் சாத்திரத்தில இருக்கு?”

“ஐயரைக் கேட்டாச்சு. அவர் ஓம், செய்யலாம் எண்டிட்டார்.”

நல்ல ஐயர்! அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு வெம்பிளித் தமிழ்க் கடைக்குப் போய் அறுகம்புல்லும் இரண்டு தேங்காயும் வாங்கிவந்தேன். தேநீர் குடிக்கும்போது மாப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டார், அந்த மூன்று கட்டத்தில் ஏன் கடைசியைப் போடவில்லை என்று. கட்டணம் ஒன்றுதானே என்றார். தேவைக்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்றேன்.

“நாங்கள் எல்லாவற்றையும் கேட்போம், மாமா” என்றார். மாமா என்ற சொல் மட்டும் தமிழ். “இரண்டு பக்கமும் கேட்போம். ஒருவர் தராவிட்டால் மற்றவர் தருவார்.”

“வெட்கமாக இல்லையா?”

“வெட்கப்பட்டிருந்தால் நாங்கள் இன்றைக்குப் பிரான்சில் ஒரு கிராமம்.”

எனக்கு வந்த கோபத்தில் பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

குளியலறையில் அவளைப் பலகையில் இருத்தினோம். தங்கை போனில் வீடியோவில் நின்று, “தலையில முதல், பிறகு தோள்” என்று அதிகாரம் பண்ணினாள். பின் கதவுப் படியில் நான் தேங்காய் உடைத்தேன். முதலாவது அழுகல். இரண்டாவது சரிபாதியாகப் பிளந்தது. மாப்பிள்ளை துவாயைப் பிடித்துக்கொண்டு நின்று கைதட்டினார். தட்டக்கூடாது என்று சொல்ல வாய் எடுத்தேன்; மருமகள் ஈரத் தலையோடு என் காலில் விழுந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று போனில் பார்த்தேன். காலைச் சடங்கில் யாரோ தேங்காயை எடுத்தார். தங்கை அதை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். “அண்ணை உடைச்சிட்டார்” என்றாள்.

அடுத்த கிழமை குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். இத்தனை வருடம் வரி வாங்கிய நாடு, அதற்குக் கேட்கிற கட்டணத்தைப் பார்த்தால் வயிறு எரியும். வீணாய்ப் போன சீட்டு, விசா, பெனியன், அழுகல் தேங்காய் உட்பட எல்லாமாக எனக்குச் செலவு இரண்டாயிரத்து நூற்று இருபத்தேழு பவுண் எட்டு பென்ஸ்.