ஓட்டையைத் தைக்காத டாக்டர்

அத்தாவின் இதயத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொன்ன டாக்டர், அதை உடனே தைக்க முடியாது என்றும் சொன்னார். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தா பைகள் விற்கும் கடை வைத்திருந்தார். நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து இரண்டு நாள் சோடா குடித்தே ஓட்டினார். மூன்றாம் நாள் கடையிலேயே மயங்கி விழுந்தவரை அவருடைய அண்ணன், என் பெரியத்தாதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மாரடைப்பில் செத்துப்போன தசை கிழிந்து, இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. தொடை வழியாக ஒரு பலூனை உள்ளே விட்டு இதயத்தின் பளுவைக் குறைத்தார்கள். ஆபரேஷனுக்குப் பத்து நாளாவது போகவேண்டும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அன்றைக்கே ஆள் வந்துவிடுவார். இங்கே ஒரு மனுஷனின் இதயம் ஒழுகுகிறது, பத்து நாளாம். அதைவிட, அதற்குச் சம்மதம் என்று மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்ட அம்மாவை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

நான்காம் நாள் வராந்தாவில் டாக்டரை மறித்தேன்.

"ஓட்டைன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கீங்க? உங்க அத்தாவா இருந்தா இப்படி விட்டுருவீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "அந்தத் தசை இப்ப தண்ணில ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு பாப்பா. தைச்சா நூல் பிய்ச்சுக்கிட்டு வந்துரும். கொஞ்சம் கெட்டிப்படட்டும்."

"அதுவரைக்கும் அத்தா தாங்குவாங்களா?"

அவர் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதில் தெரியாத ஆளிடம் அத்தாவை ஒப்படைத்துவிட்டார்களே என்று படிக்கட்டு முழுக்கக் கத்தினேன்.

பதினோராம் நாள் ஓட்டையின் மேல் ஒட்டுப்போடுவதுபோல் ஒரு சின்னத் துண்டை வைத்துத் தைத்தார்கள். அத்தா பிழைத்தார். மூன்று மாதம் கழித்துக் கடைக்கும் போனார். நான் சொன்னபடி முதல் நாளே செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் கேட்ட அதே கேள்வியை அம்மா முதல் நாளே கேட்டிருக்கிறாள். பல வருஷம் கழித்துப் பெரியத்தாதான் சொன்னார். இப்போதே தைத்தால் பிழைப்பது கஷ்டம், காத்திருக்கையிலும் உயிர் போகலாம், எதற்கும் உறுதி சொல்ல முடியாதும்மா என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்து எனக்குத் தோசை சுட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். பசியில்லை போலிருக்கிறது என்று பெரியத்தாவிடம் சொல்லி, அவள் அதை மூடி வைத்தாள்.