ஒசோரியோ என்ன ஆனான்?

மகள் லிசெட் அனுப்பிய ஹார்ட் டிஸ்க் மூன்று வாரமாக ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. அவள் இருக்கும் வெளிநாட்டு ஊரான தம்பாவிலிருந்து வந்த யாரோ ஒருவர் அதைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தக் காலுறையைக்கூட சொராய்தா கழற்றவில்லை. பிளாசேத்தாஸ் ஊரில் பாதி வீட்டுக் கணினிகளுக்குள் கைவிட்டவள், தன் வீட்டுப் பெட்டியைத் தொடாமல் இருந்தாள். மகள் போனில் "மாட்டிட்டியாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "மாட்டணும்" என்பாள். "அழுதியாம்மா?" என்றும் மகள் கேட்பாள். அதற்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

கணவர் எலாதியோ இறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. சொராய்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கல்நெஞ்சுக்காரி என்றது ஒரு கூட்டம். அதிர்ச்சி, தானாகச் சரியாகிவிடும் என்றது இன்னொரு கூட்டம். இரண்டும் அவள் காதுக்கு வந்தன. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை என்பதுதான் உண்மை. காலையில் எழுந்தாள், காபி போட்டாள், அடுத்தவர் கணினிகளைக் கழற்றி மாட்டினாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது.

அவர்கள் சந்தித்ததே ஒரு கணினியால்தான். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று, ஊர் இளைஞர் கணினி மன்றத்தில் வாத்தியார். எலாதியோ மைதானத்தில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுபவர். ஒருநாள் ஒரு சாக்கு நிறைய நோட்டுகளோடு வந்து நின்றார். இதையெல்லாம் இந்தப் பெட்டிக்குள் போட முடியுமா என்று கேட்டார். அவள் மெனக்கெட்டு அவருக்காகவே ஒரு மென்பொருள் எழுதினாள். ஆட்டம் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. விதிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் விடாப்பிடியாக இருந்தார்: பாதியில் நிற்கும் ஆட்டம் என்று ஒன்று இருக்கக் கூடாது. கடைசிப் பந்துவரை எழுதாமல் அந்த வருஷத்து ஆட்டப் பருவத்தை மூட விடாதே என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தாள். மறுவருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். மைதானத்துப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. வெயிலில் பெரிய மனிதர்கள் கட்டையோடு போடும் கூத்து என்பது அவள் கட்சி.

பிறகு ஒரு புயல் வந்து கூரையைக் கொண்டுபோனது. நோட்டுகள் ஊறிக் கூழாயின. இருபத்தாறு வருஷத்து ஆட்டங்கள் அந்தக் கணினிக்குள் மட்டுமே மிஞ்சின. அதற்காக அதை எலாதியோ பத்திரமாக வைத்திருந்தாரா என்றால், அதுதான் இல்லை. ஞாயிறுதோறும் அதைப் போர்வையில் சுற்றி, நண்பன் பெர்மினின் குதிரை வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோவார். ஆட்டம் முடிந்ததும் திரும்ப அதே வண்டி, அதே பள்ளம் மேடு. "டிஸ்க்கைக் குதிரை வண்டியில ஏத்துற ஆள் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே. கடைசி ஒரு வருஷமாக அந்த டிஸ்க் டிக் டிக் என்று இடிக்க ஆரம்பித்திருந்தது.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம், ஆட்டத்தின் நடுவில், அவர் மேஜைமேல் சரிந்தார். சொராய்தா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒசோரியோ என்ன ஆனான்?" என்றார். ஒசோரியோ யார் என்று அவளுக்குத் தெரியாது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, "நல்லா இருக்காரு. நீ கண்ணை மூடு" என்றாள். தப்பாக எழுதிய வரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார், அவ்வளவுதான். ஒசோரியோ யார் என்று பிற்பாடு யாரிடமும் விசாரிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

டிஸ்க் வந்து மூன்று வாரம் ஆன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வெட்டு முடிந்து மின்சாரம் வந்தது. கூடவே பெர்மினும் வந்தான். குதிரையை வாசல் கம்பியில் கட்டிவிட்டு, கையில் ஒரு வெண்ணெய்ப் பழத்தோடு நுழைந்தான். ஒரு காலத்தில் ஊர் அணியில் ஆடியவன். ஐந்து மாதமாக வாரம் தவறாமல் ஒரு பழம் கொண்டுவருவான். எதையோ சொல்ல வாயெடுப்பான். குதிரையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை புதுப் பருவம் ஆரம்பம்" என்றான்.

"ஆரம்பிக்கட்டும்."

"பழைய கணக்கு வேணும்னு விளையாட்டு அலுவலகத்துல கேக்குறாங்க. இல்லைன்னா பூஜ்ஜியத்துல இருந்து தொடங்குவாங்களாம். ஊருல இதுக்கு முன்னாடி ஒருத்தனும் ஆடவே இல்லைங்கிற மாதிரி."

"தொடங்கட்டும்."

"அண்ணன் எழுதினது மொத்தமும் போயிடும் அண்ணி."

"டிஸ்க் செத்துட்டிருக்கு பெர்மின். நீயும் உன் குதிரையும் சேர்ந்து சாகடிச்சது."

"குதிரை மேல பழி போடாத. அது வாயில்லா ஜீவன். எனக்கு வாய் இருக்கு, என்னைத் திட்டு." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ எந்திரிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன். என் வாய் ஓயாதுன்னு உனக்கே தெரியும்."

அவனோடு மல்லுக்கட்டுவதைவிட எழுந்துவிடுவது சுலபமாக இருந்தது. சொராய்தா எழுந்தாள். காலுறையிலிருந்து டிஸ்க்கை உருவினாள். மின்சாரம் இரண்டு மணிவரை இருக்கும், இருந்தால்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி, கரப்பான் முட்டை, காற்றாடியின் அடியில் எலாதியோவின் சுருட்டுச் சாம்பல். தூரிகையால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தள்ளினாள். புது டிஸ்க்கைக் காலி இடத்தில் செருகி, திருகு போட்டு, இரண்டு வயர்களையும் மாட்டி, கணினியை முடுக்கினாள். பழைய டிஸ்க் டிக் டிக் என்றது. திரையில் அதன் பெயர் மட்டும் வந்தது. புதியதைக் காணோம்.

வயரை மாற்றிப் பார்த்தாள். அடுத்த துளையில் மாட்டிப் பார்த்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. புத்தி எங்கோ இருந்தது. மணி பதினொன்றே கால்.

"இந்தக் கிழட்டுப் பெட்டிக்குப் புதுசு பிடிக்கலையோ என்னவோ" என்றான் பெர்மின். "என் குதிரையும் இப்படித்தான். பக்கத்துல இளசு ஒண்ணைக் கட்டினா அது ஓடுற வேகத்தைப் பாத்து மொறைச்சுக்கிட்டு நிக்கும்."

வேகம் என்ற சொல் அவளுக்கு உறைத்தது. இதை நூறு பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் காலத்துத் தாய்ப்பலகைக்குப் புது டிஸ்க்கின் வேகம் புரியாது. டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் இரண்டு ஊசிகளுக்கு ஒரு மூடி போட்டால், அது மெதுவாகப் பேசும். கற்றுக்குட்டிகூட மறக்காத காரியம். பிஸ்கட் டப்பாவில் கிடந்த செத்த டிஸ்க் ஒன்றிலிருந்து, அரிசி மணி அளவு மூடியைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து மாட்டினாள். இந்த முறை இரண்டு பெயர்களும் திரையில் வந்தன.

"புதுசைத் துடைச்சுத் தயார் பண்ணணும்" என்றாள். "டிஸ்க் எண் மாறிப்போனா பழசு அழிஞ்சிடும். என் கண்ணை நான் நம்பல. நீ படி. பெரிய டிஸ்க் எது?"

பெர்மின் திரையில் மூக்கு முட்டக் குனிந்தான். "ஒண்ணு. பூஜ்ஜியம் சின்னது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். தப்பானா நானும் குதிரையும் ஊரை விட்டே போயிடுறோம்."

ஒன்றைத் தயார் செய்தாள். நகலெடுப்பைத் தொடங்கினாள். தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்குக்கரில் சோறு வைத்ததால் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. பழைய டிஸ்க் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் பெர்மின் நெஞ்சில் கைவைத்தான். சொராய்தா வெண்ணெய்ப் பழத்தை நறுக்கி, உப்புத் தூவி, அவன் முன்னால் வைத்தாள். ஒன்றே காலுக்கு நகலெடுப்பு முடிந்தது. சில படங்கள் தேறவில்லை. லிசெட்டின் பதினைந்தாவது பிறந்தநாள் படங்கள் அவை. போய்விட்டது என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆட்டங்கள் முழுசாக வந்திருந்தன.

"அப்ப குடுத்துடு, கொண்டு போறேன்" என்றான் பெர்மின்.

"பருவத்தை மூடினாத்தான் கணக்கு வெளிய வரும்."

புது டிஸ்க்கிலிருந்து தன் பழைய மென்பொருளைத் திறந்தாள். முப்பத்தொரு வயதில் அவளே எழுதிய வரி திரையில் வந்து நின்றது: 'ஓர் ஆட்டம் பாதியில் உள்ளது. முடிக்காமல் பருவத்தை மூட இயலாது.' பொத்தானை அழுத்தினாள். ஏப்ரல் மாத ஞாயிறு திறந்தது. ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். அதற்குக் கீழே, அடிக்க வந்தவனின் பெயர். பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அதில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பெயர் ஒசோரியோ.

சொராய்தா விரலை அந்தப் பெயர்மேல் வைத்தாள்.

"இவன் யாரு?" என்றாள்.

"எதிரணிக்காரன். கமஹுவானியில இருந்து வந்தவன்." பெர்மினின் குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பந்து மேல போயிட்டிருக்கும்போதுதான் அண்ணன் சாஞ்சாரு. நாங்க எல்லாரும் அவர்கிட்ட ஓடினோம்."

"இவனைப் பத்தித்தான் அவர் கேட்டாரு பெர்மின். ஆஸ்பத்திரியில. அவன் நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்."

பெர்மின் எழுந்து வெளியே போனான். வண்டி இருக்கையைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ஒரு முட்டை அட்டையின் மூடியை எடுத்துவந்தான். அதில் பென்சிலால் கோணல் மாணலாக எழுதியிருந்தது.

"அவரைத் தூக்கிட்டுப் போகும்போது, எழுத ஆள் போடு, ஆட்டத்தை நிறுத்தாதேன்னு சொன்னாரு. பெட்டியில தட்டத் தெரியாம நான்தான் இதுல எழுதினேன். என் கையெழுத்து உனக்கே தெரியும். அஞ்சு மாசமா வண்டியில வெச்சுக்கிட்டே திரியறேன் அண்ணி. பழத்தைக் குடுக்க வந்த கைக்கு இதைக் குடுக்க வரல."

அவள் அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒசோரியோ என்ன ஆனான்?" என்றாள்.

"பெருசா ஒண்ணுமில்ல. உயரத் தூக்கி அடிச்சான். நடுவுல நின்னவன் ரெண்டு அடி பின்னால போய்ப் பிடிச்சிட்டான். அவுட்."

சொராய்தா அதைத் தட்டினாள். கட்டம் நிறைந்து, கோடு அடுத்த வரிக்கு இறங்கியது. அட்டையைத் தூக்கி அடுத்ததைப் படிக்கப் பார்த்தாள். எழுத்துகள் கலங்கின. பென்சில் அழிந்துவிட்டதோ என்று விரலால் துடைத்தாள். ஈரம் அட்டைமேல் விழுந்தபோதுதான் அது தன் கண்ணிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. வலித்தது. ஐந்து மாதமாக வராத வலி மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"அண்ணி, நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப விடு."

"பாதியில விடக் கூடாது" என்றாள் அவள். "எனக்கு எழுத்து தெரியல. நீ படி."

பெர்மின் அட்டையை வாங்கி, தன் கையெழுத்தைத் தானே திட்டிக்கொண்டு, ஆறாவது இன்னிங்ஸின் பின்பாதியில் ஊர் அணிக்கு வந்த முதல் பந்திலிருந்து படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் கட்டமும் நிறைந்து, ஊர் அணி ஒரு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றுப்போனது.