அப்பா கட்டிய பிராது

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. ஃபியூஸ் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்க வேண்டும், வெந்ததும் எடுக்க வேண்டும். அந்த அனலில் யாரும் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய மாட்டார்கள். நான் மட்டும் இரண்டு பனியன், அதற்குமேல் சட்டை என்று நிற்பேன். "ஒனக்கு மட்டும் ஊட்டி குளுராடா?" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

விஷயம் இதுதான். பதினான்கு வயதிலிருந்து என் மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல வளர்ந்துவிட்டது. உடம்பு குண்டு இல்லை. ஓடிப் பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன், முகம்தான் ஒட்டிப்போனது. பள்ளிக்கூடத்தில் பசங்கள் பின்னால் வந்து கிள்ளிவிட்டு ஓடுவார்கள். பி.டி. பீரியடு வந்தாலே எனக்கு வயிற்றுவலி வரும். பொய் வலியில்லை, நிஜமாகவே வரும்.

ஆனால் அதையெல்லாம்விட எனக்குள் ஆறாமல் கிடந்தது வேறு. பதினைந்து வயதில் ஒரு மாசி மகம். மணிமுத்தாற்றில் எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தோம். என் சித்தப்பா மகன் என் மார்பைக் காட்டி ஏதோ சொல்ல, கரையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா தண்ணீரை அடித்துக்கொண்டு வந்து தன் துண்டை என்மேல் வீசினார். "மேல துணியப் போடுறா மொதல்ல!" என்று ஒரு கத்தல். அவ்வளவு பேருக்கு நடுவில் அப்பாவுக்கே என்னைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் சட்டையில்லாமல் நின்றதே இல்லை.

அப்பா லாரியில் களிமண் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு. நானும் அவரும் ஒரே வீட்டில் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்ற இரண்டு வார்த்தைகளில் குடித்தனம் நடத்தினோம். மூன்று முறை பெண் பார்க்கலாமா என்று கேட்டார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

சூளையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் மதியம் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டேன். அவர்தான் என் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறியிருக்கிறார். எழுந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, "எங்க மச்சானுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பாண்டிச்சேரில ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப நல்லா இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

பாண்டிச்சேரியில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னபோது என் விரல் பொத்தானில் ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. பார்த்துவிட்டு, "இது நிறைய ஆம்பளைங்களுக்கு வர்றதுதான். சுரப்பி வளந்திருக்கு. எடுத்துடலாம்" என்றார், ஏதோ பல் பிடுங்குவதுபோல. பதினேழு வருடம் நான் சுமந்ததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். வெளியே வந்து நண்பரின் தோளில் சாய்ந்து அழுதேன்.

வீட்டில், கம்பெனி வேலையாக நான்கு நாள் பாண்டிச்சேரி என்று சொல்லிவிட்டுப் போனேன். கையெழுத்து போட்டதும் கூட இருந்ததும் அந்த நண்பர்தான். ஆபரேஷனுக்கு முன்னால் நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல இருந்தது. இரண்டு பக்கமும் சின்னக் குழாய், அதில் ரத்தம் வடிந்தது. முன்னால் வரிசையாகக் கொக்கி வைத்த, மூச்சு முட்டுகிற அளவு இறுக்கமான பனியன் ஒன்றைப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் இத கழட்டக் கூடாது. கைய மேல தூக்கக் கூடாது" என்றார்கள்.

ஊருக்குத் திரும்பி, வேலையில் தோள் பிசகிவிட்டது என்று சொன்னேன். அம்மா நம்பினாள். மறுநாள் காலையில் பார்த்தால், அப்பா வாசலில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்காமல் துணி எடுக்க வேண்டுமாம். "வலி இருக்குதாடா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வுடுங்க" என்று முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஆறு வாரம் முடியட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, வெறும் கைலியோடு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவரே பார்த்துக்கொள்ளட்டும். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை காலை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் கொள்ளி வைக்கும் மகன் குளித்து, ஈர வேட்டியோடு, மேலே துணியில்லாமல்தான் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். நான் ஒரே மகன். பந்தலில் உறவும் தெருவும் நிறைந்திருந்தது. "சட்டையக் கழட்டுப்பா, நேரமாவுது" என்றார் தாய்மாமன். குளித்துவிட்டு வருகிறேன் என்று அறைக்குள் போனேன். பனியன் கொக்கியில் கை வைத்தேன். ஒன்றுகூடக் கழலவில்லை. என்னைத் தேடிக்கொண்டு வந்த அம்மா ஒவ்வொரு கொக்கியாக எடுத்துவிட்டாள். காம்புக்குக் கீழே பிறைபோல இருந்த தழும்பை விரலால் தொட்டாள்.

"இத்த அவருகிட்ட ஒருவாட்டி காட்டியிருக்கக் கூடாதாடா?" என்றாள். "ஒனக்காவ கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டுன மனுசன்டா அவரு."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில், போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதுபோல, குறையை மனுவாக எழுதி சாமியிடம் கட்டுவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

அன்று கொள்ளிச்சட்டியோடு தெருவில் நடந்தேன். பதினேழு வருடம் பயந்து பயந்து மூடி வைத்த நெஞ்சு அது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைத் திவசம் முடிந்த பிறகு, பிராதை வாபஸ் வாங்க அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். வாசலில் மனு எழுதித் தருபவர் பேனாவைத் திறந்து, "என்னா பிராதுங்க?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவும் இதே இடத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருவரிடம், நாலு பேர் காதில் விழ, இதைச் சொல்லித்தான் எழுதியிருப்பார். என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை.

அன்று அவரோடு வந்திருந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"எம்புள்ள நாலு பேருக்கு முன்னாடி, தலகுனியாம, சட்டையில்லாம நிக்கணும். அத நான் கண்ணால பாக்கணும். அவரு சொன்னது இதாங்க."

எழுதுபவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நடந்துச்சுங்களா?"

"பாதி நடந்துச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, குறை தீர்ந்தது என்றே எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது சூளையில் நானும் சட்டையில்லாமல்தான் வேலை செய்கிறேன். போன தை மாதம் கல்யாணம் ஆனது. துணிக்கொடி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, ஏற்றிக் கட்டலாமே என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். இருக்கட்டும் என்றேன். காலையில் அதில் துணி எடுக்கக் குனியும்போதெல்லாம், அந்த ஆற்றங்கரையில் அப்பா துண்டை வீசியது என்னைப் பார்க்கச் சகிக்காமல் இல்லை, மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது பொறுக்காமல்தான் என்று, பதில் சொல்ல அவர் இல்லாத வீட்டில், நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.